பிக்கப் எவ்வளவு தாங்கும், எந்த கேரவன் டிரெய்லர் பொருந்தும்? பொள்ளாச்சி – பாலக்காடு பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. வாகமண்ணில் கேரவன் பார்க்கும் வந்தது. அதிலிருந்து எல்லையின் இரண்டு பக்கத்திலும் இந்தப் பேச்சு கூடியிருக்கிறது. பொள்ளாச்சி, கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கொல்லங்கோடு என்று தோப்பும் தொழிலுமாக இருக்கும் வீடுகளில் ஏற்கெனவே ஒரு பிக்கப் நிற்கிறது. அதன் பின்னால் ஒரு கேரவன் டிரெய்லரை மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பினால் என்ன என்று கேட்கிறார்கள். தாராளமாகக் கிளம்பலாம். ஆனால் எந்த பிக்கப்புக்கு எந்த டிரெய்லர் என்பதை எடைதான் முடிவு செய்ய வேண்டும். அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

என் பிக்கப் 3,500 கிலோ இழுக்கும்னு வீடியோவுல சொல்றாங்க. அப்புறம் பேலோடு கணக்கு எதுக்கு?

இழுப்பது வேறு, சுமப்பது வேறு. டிரெய்லரின் எடையில் பெரும்பகுதி அதன் சக்கரத்தில்தான் நிற்கும். ஆனால் ஒரு பகுதி, டிரெய்லரை மாட்ட பிக்கப்பின் பின்னால் பூட்டும் ஹிட்ச்சின் கொக்கி உருண்டை மேல் வந்து உட்காரும். அந்தப் பகுதி பிக்கப் சுமக்கும் பாரம். வண்டியில் ஏறும் ஆட்கள், சாமான்கள், பின்பாடியில் போட்ட மூடி, ஹிட்ச் கம்பி எல்லாவற்றோடும் சேர்ந்து அதுவும் பேலோடில், அதாவது வண்டி சுமக்கலாம் என்று அனுமதித்த எடையில், கழியும். குடும்பமாகப் போகிறவர்களுக்கு இழுவை எண் தீர்வதற்கு ரொம்ப முன்னாலேயே பேலோடு தீர்ந்துவிடும்.

இன்னொன்று. அந்த 3,500 கிலோ பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலோ தாய்லாந்திலோ எடுத்த வீடியோவில் சொன்னதாக இருக்கும். ஆஸ்திரேலியாவில் இசுஸு டி-மேக்ஸுக்கு அந்த எண் உண்மைதான். ஆனால் அது பிரேக் வைத்த டிரெய்லருக்கு மட்டும். பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் அங்கேயே 750 கிலோதான். ஆந்திர எல்லையில் தடா பக்கம் ஸ்ரீசிட்டியில் தயாராகி நம் ஊரில் விற்கும் வண்டிக்கு அந்த எண் அப்படியே செல்லும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் வண்டியோடு வந்த கையேட்டில் டிரெய்லர் எடை போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போடவில்லை என்றால் கம்பெனிக்கே எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பேலோடை எங்கே பார்ப்பது?

ஆர்.சி.யில் காலி எடை, மொத்த எடை என்று இரண்டு இருக்கும். மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் வருவது பேலோடு. மோட்டார் வாகனச் சட்டப்படி காலி எடையில் டிரைவர் சேர்த்தி இல்லை. அதனால் ஸ்டீயரிங் பிடிக்கும் நீங்களும் பேலோடுதான்.

அமெரிக்காவில் விற்கும் பிக்கப்பில் டிரைவர் கதவுத் தூணில் ஒரு மஞ்சள்–வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கே எழுதியிருக்கும். ஒரே மாடலில் சன்ரூஃப் உள்ள வண்டிக்கு ஒரு எண், இல்லாத வண்டிக்கு வேறு எண். நமக்கு ஆர்.சி.யும் கையேடும்தான் வழி. அதுவும் ஷோரூமை விட்டு வந்தபோது இருந்த நிலைக்குத்தான் பொருந்தும். அதன் பிறகு நீங்கள் போட்ட கேனோபி (பின்பாடி மூடி), இரும்பு பம்பர், வின்ச் எல்லாம் அதில் சேராது. அதனால்தான் எடைமேடைக்குப் போகச் சொல்கிறேன்.

கொக்கி மேல் எவ்வளவு பாரம் இருக்க வேண்டும்? குறைத்துக்கொண்டால் பேலோடு மிச்சமாகுமே?

மிச்சமாகும், ஆனால் உயிருக்கு ஆபத்து வரும். மாட்டுவண்டி ஓட்டியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பின்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு எழும்பும், வண்டி நிலையில்லாமல் ஆடும். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நசுங்கும். டிரெய்லருக்கும் அதே நியாயம்தான். கொக்கி மேல் விழுவதை இனி முன்பாரம் என்றே சொல்கிறேன்.

அமெரிக்க முறையில் சாதாரண கேரவன் டிரெய்லருக்கு, சாமான் ஏற்றிய எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரம் இருக்க வேண்டும். 1,400 கிலோ டிரெய்லர் என்றால் 140 முதல் 210 கிலோ. ஐரோப்பாவில் இதைவிடக் குறைவாக, 5 முதல் 7 சதவீதத்தில் ஓட்டுகிறார்கள். அங்கே கேரவனின் வடிவமைப்பு வேறு, வேக வரம்பும் குறைவு. நம் பக்கம் டிரெய்லர் கட்டுகிறவர்கள் சிலர் ஐரோப்பிய உருண்டையைப் போட்டு, அமெரிக்க நீளத்தில் பாடி கட்டி, முன்பாரத்தைக் கணக்கில் எடுக்காமலே விட்டுவிடுகிறார்கள். 10 சதவீதத்துக்குக் கீழே போக வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து.

முன்பாரம் குறைந்த டிரெய்லர் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றும் காட்டாது. 80-ஐத் தொடும்போது பக்கத்தில் ஒரு பஸ் கடந்தால் வால் லேசாக ஆடும். அந்த ஆட்டம் தானாக அடங்காமல் ஒவ்வொரு வீச்சுக்கும் கூடிக்கொண்டே போனால் பிக்கப்பையும் சேர்த்துச் சுழற்றிவிடும். அப்போது பிக்கப்பின் பிரேக்கை மிதிப்பது கெடுதல். ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லருக்குத் தனி பிரேக் கன்ட்ரோல் இருந்தால் அதை மட்டும் மெல்லக் கொடுக்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்க.

எடுத்துக்காட்டாக ஒரு நாலு கதவு பிக்கப். காலி எடை 2,000, மொத்த எடை 2,700 என்று வைத்துக்கொள்வோம். பேலோடு 700 கிலோ.

அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 260 கிலோ. பின்பாடி மேல் ஃபைபர் கேனோபி 60. ஹிட்ச் கம்பியும் உருண்டையும் 35. ஸ்டெப்னி தவிர்த்த டூல்ஸ், ஐஸ் பெட்டி, துணிப்பை எல்லாம் 80. கூட்டினால் 435. மீதி 265 கிலோ. டிரெய்லரின் முன்பாரத்துக்கு உங்களிடம் இருப்பது இவ்வளவுதான்.

முன்பாரம் 12 சதவீதம் என்றால் 265 கிலோவுக்குள் அடங்கும் டிரெய்லர் சுமார் 2,200 கிலோ. 15 சதவீதம் என்றால் சுமார் 1,760 கிலோ. 3,500 கிலோ இழுக்கும் என்று வீடியோவில் பார்த்த அதே வண்டிக்கு இதுதான் நிலைமை. இதுவும் ஒரு கிலோகூட மிச்சம் வைக்காத எண். மலையும் மழையும் சேர்ந்த நம் பாதைகளுக்குக் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு பேலோடைக் கையிருப்பாக வைக்க வேண்டும் என்பேன். 700-ல் ஒரு பங்கு 140. அதையும் கழித்தால் முன்பாரத்துக்கு 125 கிலோதான் மிஞ்சும். ஆக இந்தக் குடும்பத்துக்கு நான் சொல்லக்கூடியது சாமானோடு 1,000 கிலோவை ஒட்டிய டிரெய்லர். பாட்டியின் இடத்தில் யாரும் வரவில்லை, கேனோபியையும் கழற்றிவிட்டோம் என்றால் இன்னும் கொஞ்சம் கூடலாம்.

இதோடு இன்னொரு வரம்பும் உண்டு. பிக்கப்பும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கும் கம்பெனி ஒரு எண் வைத்திருக்கும். பிக்கப்பை நிரப்ப நிரப்ப, இழுக்கக்கூடிய எடை அதனால் குறையும். கையேட்டில் அந்த எண் இருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள்.

முன்பாரம் 165 கிலோ என்றால் பின் அச்சில் 165 தானே ஏறும்?

இல்லை, கூடவே ஏறும். உருண்டை பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. அதில் அழுத்தினால் பின் அச்சு ஊன்றுகோலாகி, முன்பக்கம் தூக்கும். முன் சக்கரம் இழந்த எடையும் பின் அச்சில் வந்து சேரும்.

முன், பின் அச்சுக்கு நடுவே 3.1 மீட்டர், பின் அச்சிலிருந்து உருண்டை 1.3 மீட்டர் என்று கொள்ளுங்கள். 165 கிலோ முன்பாரத்துக்கு முன் அச்சில் சுமார் 70 கிலோ குறையும், பின் அச்சில் சுமார் 235 கிலோ ஏறும். ஸ்டீயரிங் லேசாகிவிட்டது, ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கிறது என்று சொல்வது இதனால்தான். மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் பின் அச்சு வரம்பு தாண்டியிருக்கலாம். கொக்கியை இன்னும் பின்னால் நீட்டி வெல்டிங் செய்தால் இது மேலும் மோசமாகும்.

அமெரிக்காவில் இதற்கென்று இரண்டு பக்கமும் ஸ்பிரிங் கம்பி வைத்த ஹிட்ச் விற்கிறார்கள். அது எடையில் ஒரு பங்கை முன் அச்சுக்குத் திருப்பித் தள்ளும். ஆனால் பேலோடைக் கூட்டித் தராது.

எடைமேடையில் என்னென்ன எடுக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தின் பெரிய வசதியே இதுதான். தேங்காய், கொப்பரை வியாபாரம் நடக்கும் ஊரில் எடைமேடைக்குப் பஞ்சமே இல்லை. லாரி வரிசை இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். மேடைக்காரரிடம் மூன்று எடை எடுக்கணும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். டீசல் டேங்க் நிறைந்திருக்க வேண்டும், ஆட்கள் எல்லோரும் வண்டிக்குள் இருக்க வேண்டும், பயணத்துக்கு எடுத்துப் போகும் சாமான் அத்தனையும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். காலி வண்டியை எடை போட்டு ஒரு பயனும் இல்லை.

முதலில் டிரெய்லர் இல்லாமல் பிக்கப் மட்டும். அடுத்து டிரெய்லரை மாட்டி, பிக்கப்பின் நாலு சக்கரம் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி ஒரு எடை. டிரெய்லர் சக்கரம் மேடைக்கு வெளியே. மூன்றாவதாக எல்லாமே மேடை மேல்.

மேலே சொன்ன பிக்கப்போடு 1,425 கிலோ டிரெய்லர் ஒன்றைக் கட்டினால் சீட்டு இப்படி வரும்: 2,435, 2,600, 3,860. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் முன்பாரம் 165. மூன்றாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் டிரெய்லர் சக்கரத்தில் நிற்பது 1,260. இரண்டையும் கூட்டினால் டிரெய்லரின் முழு எடை 1,425. முன்பாரம் 11.6 சதவீதம், நல்ல நிலை. பிக்கப் 2,600-ல் நிற்கிறது, 2,700-க்குள் அடங்கிவிட்டது. ஆனால் கையிருப்பு வெறும் 100 கிலோ. இந்தச் சீட்டோடு சமவெளியில் போகலாம். மலைக்கு வேண்டாம் என்பேன்.

முடிந்தால் டிரெய்லரை மாட்டிய நிலையில் பின் அச்சை மட்டும் தனியாக ஒரு எடை போடுங்கள். அதற்கு மேடையும் அணுகு பாதையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். சாய்வான ஏற்றம் உள்ள மேடையில் அச்சு எடை தப்பாகக் காட்டும்.

லாரி மேடை 5 அல்லது 10 கிலோ படியில் காட்டுவதால் முன்பாரத்தைத் துல்லியமாகப் பிடிக்காது. கொப்பரை மூட்டை நிறுக்கும் 300 கிலோ எலக்ட்ரானிக் தராசு ஒன்று கிடைத்தால் அதில் பார்த்துவிடலாம். டிரெய்லரின் இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். தராசின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, பிக்கப்பின் உருண்டை எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில் டிரெய்லரின் மூக்கை அதன் மேல் இறக்குங்கள். டிரெய்லர் தரைக்குச் சமமாக நிற்க வேண்டும். மூக்கு தாழ்ந்தாலோ தூக்கினாலோ எண் மாறிவிடும். உள்ளே தண்ணீர் கேனை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள், தராசில் எண் ஏறி இறங்குவது கண்ணெதிரே தெரியும். இதை ஒரு தடவை செய்து பார்த்தவர்கள் அதன் பிறகு சாமானை வைக்கும் விதமே மாறிவிடுகிறது.

டிரெய்லர் விற்றவர் 750 கிலோன்னு சொன்னார். மேடையில் 1,000-க்கு மேல் காட்டுது, ஏன்?

அவர் சொன்னது காலி டிரெய்லர். அதன் மேல் நீங்கள் ஏற்றியதைப் பாருங்கள். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 100 லிட்டர் டேங்க் நிறைந்தால் 100 கிலோ. வீட்டு எரிவாயு சிலிண்டரில் கேஸ் 14.2 கிலோ, உருளையோடு சேர்ந்து 30 கிலோ பக்கம். இன்வெர்ட்டருக்குப் போடும் 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல். ஏ.சி., மெத்தை, வெளியே விரிக்கும் பந்தல், பாத்திரம், அரிசி பருப்பு. 300 கிலோ எங்கே போனது என்றே தெரியாது.

குறைக்க வழி உண்டு. தண்ணீரைப் போகும் இடத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள். பெரிய சிலிண்டருக்குப் பதில் 5 கிலோ சிலிண்டர் போதும். லித்தியம் பேட்டரி விலை கூடுதல்தான், ஆனால் ஈய பேட்டரியோடு பார்த்தால் எடையில் பாதிக்கும் குறைவு. பேட்டரியையும் தண்ணீர் டேங்கையும் அச்சுக்கு மேலேயோ கொஞ்சம் முன்னாலேயோ வைக்கச் சொல்லிக் கட்டுங்கள். வால் பக்கம் டேங்க் வைத்துக் கட்டிய டிரெய்லரை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

பட்டறையில் கூடுதலாக இரண்டு பட்டை போட்டால் பேலோடு கூடாதா?

வண்டி தாழாது, அவ்வளவுதான். பட்டை என்கிற ஸ்பிரிங் தகடு பாரம் தாங்கும் பல உறுப்பில் ஒன்று. பின் அச்சு, ஹப் பேரிங், பிரேக், டயர், சேஸிஸ் எதுவும் மாறவில்லை. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையும் மாறவில்லை. தாழாததால் ஓவர்லோடு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அதுதான் பயம்.

பட்டைக்கும் சேஸிஸுக்கும் நடுவே வைக்கும் ஏர் பேக்கில் இன்னும் கவனம் வேண்டும். முன்பு பட்டையின் இரண்டு முனையிலும் பிரிந்து விழுந்த பாரம், இப்போது சேஸிஸின் ஒரே இடத்தில் மேல் நோக்கி முட்டும். பின்னால் கொக்கியில் பாரம் கீழே இழுக்கும். குழியில் விழுந்து எழும்போது சேஸிஸ் அந்த இடத்தில் வளைந்துவிடும். சோதிக்க வேண்டுமானால் பக்கவாட்டில் நின்று கேபினுக்கும் பின்பாடிக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலிருந்து கீழ் வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். மேலே விரிந்தும் கீழே நெருங்கியும் இருந்தால் சேஸிஸ் வளைந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். பழைய பிக்கப் வாங்கும்போதும் இந்த இடைவெளியைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பொலிரோ பிக்கப், யோதா எல்லாம் 1,700, 2,000 கிலோ தாங்குது. அதுல கட்டிட்டா பிரச்சினை தீர்ந்ததா?

பேலோடு பிரச்சினை பெருமளவு தீரும். டாடா யோதா 2.0 என்பது 2,000 கிலோ பேலோடோடு 2022-ல் வந்த வண்டி. முன்பாரம் 200 கிலோ என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அவை பாரம் சுமக்கவே கட்டிய வண்டிகள். டிரெய்லர் இழுக்க கம்பெனி அனுமதி இருக்கிறதா, பின்னால் ஹிட்ச் பூட்ட சேஸிஸில் இடம் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். காலியாக ஓடும்போது பின்பக்கம் தூக்கிப்போடும், நீண்ட தூரம் குடும்பத்தோடு போவது சிரமம். ஒற்றை கேபினில் எத்தனை பேர் உட்கார முடியும் என்பதும் இருக்கிறது. இந்த வகை வண்டிக்கு, பின்பாடி மேலேயே ஏற்றி இறக்கும் கேம்பர் பெட்டி நல்ல யோசனை. டிரெய்லரே தேவையில்லை.

குட்டியானையில் கட்டலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம்.

டயரில் என்ன பார்ப்பது?

டயர் பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், 104 என்றால் 900, 95 என்றால் 690, 79 என்றால் 437. அந்த எடையைத் தாங்க முழுக் காற்று இருக்க வேண்டும்.

பிக்கப்பை விட டிரெய்லரில்தான் இதில் ஏமாறுகிறார்கள். பழைய சின்ன கார் வீலைப் போட்டுக் கட்டிய டிரெய்லர்கள் இருக்கின்றன. 79 போட்ட 13 அங்குல டயர் இரண்டு சேர்ந்து 874 கிலோதான் தாங்கும். மேலே பார்த்த டிரெய்லரின் சக்கரத்தில் நின்றது 1,260. வெயிலில் ஒரு மணி நேரம் ஓடினாலே அந்த டயர் வெடிக்க வாய்ப்பு உண்டு.

வால்பாறைக்கு ஏத்தலாமா?

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. என் பதில் வேண்டாம் என்பதுதான். எஞ்சின் சக்தி போதாது என்பதற்காகச் சொல்லவில்லை. டர்போ டீசல் ஏற்றிவிடும். பிரச்சினை வளைவிலும் இறக்கத்திலும் இருக்கிறது.

வளைவில் டிரெய்லர் சக்கரம் பிக்கப் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதைச் சமாளிக்க நீங்கள் வெளிப்பக்கம் அகலமாகப் பிடிக்க வேண்டும். அப்போது எதிரே பஸ் வந்தால், வளைவின் நடுவில், ஏற்றத்தில், டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுக்க நேரும். ரிவர்ஸில் டிரெய்லர் ஸ்டீயரிங் திருப்பும் திசைக்கு எதிராகத் திரும்பும். சமதரையில் பழகியவர்களே அங்கே தடுமாறுவார்கள்.

இறக்கத்தில் கணக்கு இன்னும் கடுமை. 4,100 கிலோ கூட்டு எடை 500 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 20 மெகாஜூல் ஆற்றல் வெளியேற வேண்டும். ஐந்தரை யூனிட் மின்சாரத்துக்குச் சமமான அந்த ஆற்றலில், கியரில் எஞ்சின் பிடித்துக்கொள்வது போக மீதி முழுவதும் பிரேக்கில் சூடாகிறது. பிரேக்கையே மிதித்து இறங்கினால் லைனிங் தீய்ந்த வாடை வரும், பிறகு பெடல் இருக்கும், பிடிப்பு இருக்காது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்று பழைய லாரிக்காரர்கள் சொல்வது டிரெய்லருக்கும் அப்படியே பொருந்தும். முடிந்தால் அதற்கும் ஒரு கியர் கீழே.

கம்பெனிகள் சொல்லும் இழுவை எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் இது இன்னும் புரியும். அமெரிக்காவில் ஜே2807 என்ற தர விதிப்படி, அரிசோனாவில் டேவிஸ் அணைக்கட்டு ஏற்றத்தில் சுமார் 18 கிலோமீட்டர், ஏ.சி. முழுவதும் ஓட, குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். வண்டியில் டிரைவரும் ஒருவரும் மட்டும், தலைக்கு 68 கிலோ என்று கணக்கு. கடுமையான சோதனைதான். ஆனால் அது அகலமான நெடுஞ்சாலை. ஐந்து பேர் குடும்பமும் ஆழியாறு வளைவுகளும் அந்தக் கணக்கில் இல்லை.

வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளிக்கு இறங்கும் காட்டுப்பாதையும், போத்துண்டியிலிருந்து நெல்லியாம்பதி ஏறும் பாதையும் இதே காரணத்துக்காக டிரெய்லருக்கு ஒத்துவராது. டிரெய்லரை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு பிக்கப்பில் மட்டும் போய் வாருங்கள். பிரித்து வைக்க முடிவதுதானே டிரெய்லரின் பலமே.

அப்போ எங்கதான் போறது?

பாலக்காட்டுக் கணவாய் நமக்குக் கிடைத்த வரம். மேற்குத் தொடர்ச்சி மலையில் இவ்வளவு தாழ்வான, அகலமான வழி வேறு இல்லை. பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகவோ கோவையிலிருந்து வாளையாறு வழியாகவோ பாலக்காடு சென்று, 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் குதிரான் சுரங்கத்தைக் கடந்து திருச்சூர் போகலாம். முன்பு குதிரான் ஏற்றத்தில் லாரிகள் திணறிக் கிடந்த இடத்தில் 2021-லிருந்து சுரங்கம் இருக்கிறது. அங்கிருந்து கடற்கரை வரை சமவெளி. முதல் பயணத்துக்கு இதைவிட நல்ல பாதை இந்தப் பக்கத்தில் இல்லை.

வாகமண் போக விரும்புகிறவர்கள் கம்பம், குமுளி, குட்டிக்கானம், ஏலப்பாறை வழியை யோசிக்கலாம். கம்பத்திலிருந்து குமுளி ஏறுவது மலைப்பாதைதான், ஆனால் லாரியும் பஸ்ஸும் தினமும் போகும் ரோடு. சமவெளியில் நன்றாகப் பழகிய பிறகு, பேலோடில் கையிருப்பு நிறைய இருக்கும்போது, பகலில் மட்டும்.

காத்து அடிக்கிற காலத்தில் போகலாமா?

ஆடிக் காத்தில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியாகப் பிதுங்கி இந்தப் பக்கம் பாய்கிறது. உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். மேற்கே பாலக்காடு நோக்கிப் போகும்போது அது எதிர்க்காற்று. டீசல் கூடும், எஞ்சின் சூடேறும், ஆனால் டிரெய்லரைப் பக்கவாட்டில் தள்ளாது. உடுமலை – பல்லடம் போல வடக்கு தெற்காகப் போகும் ரோட்டில் அதே காற்று டிரெய்லரின் பக்கச் சுவரில் முழுதாக அடிக்கும். உயரமான, காலியாக இருக்கும் டிரெய்லர்தான் அதிகம் ஆடும். தோப்பு மறைப்பு முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடத்தில் சட்டென்று ஒரு தள்ளு வரும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அந்த ரோடுகளில் 60-க்கு மேல் போக வேண்டாம்.

டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயமா?

என்னைக் கேட்டால், 750 கிலோவைத் தாண்டினால் கட்டாயம் போட வேண்டும். ஆஸ்திரேலியாவில் சட்டமே அந்த இடத்தில்தான் கோடு போடுகிறது. அங்கே 2,000 கிலோ வரை, பிக்கப் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் முட்டுவதை வைத்தே தானாகப் பிடிக்கும் பிரேக் போதும். அதற்கு மேல் டிரைவர் இருக்கையிலிருந்தே இயக்கும் பிரேக் வேண்டும், டிரெய்லர் கழன்றால் தானாகப் பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும். இரண்டு பாதுகாப்புச் சங்கிலியையும் மூக்குக்கு அடியில் பெருக்கல் குறி போலக் குறுக்கே மாட்டுங்கள். கொக்கி கழன்றாலும் மூக்கு ரோட்டில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும்.

பாட்டியும் பிள்ளைகளும் டிரெய்லரிலேயே படுத்துக்கொண்டு வரட்டுமா? பேலோடும் குறையுமே.

கூடாது. சீட் பெல்ட் இல்லை, உள்ளே என்ன நடந்தாலும் டிரைவருக்குத் தெரியாது. ஆட்கள் நகர்ந்தால் முன்பாரமும் மாறும்.

ஆர்.டி.ஓ., செக்போஸ்ட் விஷயம்?

டிரெய்லரும் சட்டப்படி ஒரு வாகனம். அதற்கும் பதிவு வேண்டும். இழுக்கும் வண்டியின் எண்ணும் டிரெய்லரில் தெரியும்படி இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 61-வது பிரிவு சொல்கிறது. கட்டிக் கொடுத்துவிட்டு பதிவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். ஹிட்ச் பூட்டுவதற்கு முன்பும் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

மொத்த எடையை மீறினால் 194-வது பிரிவில் அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் சாமானை இறக்கிய பிறகே வண்டி நகர வேண்டும். கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸ் 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிகளுக்குச் செல்லும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் டிரெய்லரோடு ஓட்ட உங்கள் லைசென்ஸ் போதுமா என்பதையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

டிரெய்லர் பார்த்துவிட்டோம், பிடித்திருக்கிறது. முன்பணம் கொடுக்கும் முன் கடைசியாக என்ன செய்ய வேண்டும்?

விற்பவரிடம் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை பொறித்த தகடு டிரெய்லரில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அச்சு எத்தனை கிலோ தாங்கும், டயரின் எண் என்ன, காலி நிலையில் முன்பாரம் எவ்வளவு என்று கேளுங்கள். பிறகு டிரெய்லரை அவர் செலவிலோ உங்கள் செலவிலோ ஒரு எடைமேடைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அதே நாளில் உங்கள் பிக்கப்பையும் குடும்பத்தோடு அங்கே ஏற்றி நிறுத்துங்கள். இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்து, மேலே உள்ள கணக்கைப் போட்டுப் பாருங்கள். எடைமேடைக்கு வர மறுக்கிற விற்பனையாளர் என்றால் அடுத்த டிரெய்லரைப் பார்க்கப் போகலாம்.